லயத்துக்கு வந்த பல்கலைக்கழகம்

பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்குச் செல்லும் மலைப்பாதையில் மாலைநேரப் பேருந்தில் ஏறியவர்கள் ஒரு காட்சியை நன்கறிவர். பேருந்து தோட்டச் சந்திதோறும் நிற்கும். சந்திக்கு இரண்டொருவர் இறங்குவர். கையிலே கடைச்சாமான் பை, தோளிலே குழந்தை, சில வேளை மருந்துப் போத்தல். வண்டி நகர்ந்து மூடுபனிக்குள் மறையுமுன்னரே அவர்களும் தேயிலைச் செடிகளுக்கிடையே செல்லும் குறுக்குப் பாதையில் இறங்கி மறைந்துவிடுவர்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் நடுப்பகுதியில் இத்தகைய சந்திகளில் இறங்கியோர் சிலரின் கையில் கடைச்சாமான் பை இருக்கவில்லை. துணிமணியும் இரண்டொரு கொப்பியும் அடங்கிய பயணப்பை இருந்தது. பேராதனையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தாறுமூலையிலிருந்தும் ஒலுவிலிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வீடு திரும்பிய பல்கலைக்கழக மாணவர்கள் அவர்கள். மார்ச் 11ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் கொரோனாவை உலகளாவிய பெருந்தொற்று என அறிவித்தது. அடுத்த நாளே இலங்கையிற் பாடசாலைகளை மூடும் முடிவு வெளியாயிற்று. பல்கலைக்கழகங்களும் கதவடைத்தன. 20ஆம் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. இரண்டு வாரத்தில் திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கையில் விடுதி அறையிற் பாதிப் புத்தகங்களை விட்டுவந்தவர்கள் பலர். அந்த இரண்டு வாரம் பலருக்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் நீண்டது.

அந்த ஒன்றரை ஆண்டைப் பற்றி இன்று நாம் பேசுவது குறைவு. நோய் தணிந்தது, விரிவுரை மண்டபங்கள் திறந்தன, பட்டமளிப்பு விழாக்களும் நடந்தன. எல்லாம் பழையபடி ஆயிற்று என்று எண்ணத் தோன்றும். ஆயினும், மலையகத் தோட்டமொன்றின் லயத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் முழுவதையும் கைத்தொலைபேசி வழியாகக் கொண்டுவந்து சேர்க்க முயன்ற அந்த நாட்களில் நாம் கற்றுக்கொள்ளவேண்டியிருந்த பாடம் ஒன்றுண்டு. அதைக் கற்றோமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

விடுதி என்னும் வரம்

தோட்டத்துப் பிள்ளை ஒருத்தியை மனத்திலே நிறுத்திக்கொள்வோம். பெயர் வேண்டாம். அவள் ஒருத்தி அல்லள். பலர் சேர்ந்த ஒருத்தி. தாய் கொழுந்து பறிப்பவள். தந்தை தோட்டத்திலோ, கொழும்பிற் கடையொன்றிலோ உழைப்பவர். வீடு என்பது லயத்தின் ஒரு காம்பரா. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று மலையகத்தில் வாய்ப்பாடுபோலச் சொல்லப்படும் அறை. முன்னே ஓர் இஸ்தோப்பு. பின்னே புகை படிந்த அடுப்பங்கரை. அதற்குள் ஐவரோ அறுவரோ உண்டு, உறங்கி, நோயுற்று, தேறி வாழ்வர். அங்கேயிருந்து உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்திப் பல்கலைக்கழகம் புகுவது எத்தகைய ஏற்றம் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட அடிப்படை கவனிக்கப்படுகிறது. கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கெனத் தனியே சில இடங்களும் ஒதுக்கப்படுகின்றன. பதுளை அத்தகைய மாவட்டங்களுள் ஒன்று. அந்தக் கதவும் எளிதிலே திறப்பதில்லை. ஒரு டிவிஷனிலிருந்து ஒரு பிள்ளை தேர்வானால் அந்த டிவிஷன் முழுவதற்கும் அது திருவிழா.

அப்பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் முதலில் அளிப்பது எது? அறிவு என்போம். அது பின்னர் வருவது. முதலில் அளிப்பது ஒரு மேசை. அதன்மேல் ஒரு விளக்கு. இரவு பத்து மணிக்குப் பிறகும் அணைக்கவேண்டாத விளக்கு. தன்னுடையது என்று சொல்லத்தக்க ஒரு கட்டில். நிசப்தமான நூலகம். தண்ணீருக்கு வரிசையில் நிற்காமற் குளிக்க ஒரு குளியலறை. இவற்றோடு, தன்னைத் தோட்டத்துப் பிள்ளை என்று மட்டுமே பாராத தோழியர் சிலர்.

இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது உபவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் இவ்வுண்மையை ஒருவகையில் உணர்ந்திருந்தார். 1942இற் கொழும்பிலே தோன்றிய அக்கலைக்கூடத்தை மகாவலிக் கரையிலே தங்கிக் கற்கும் பல்கலைக்கழகமாக வளர்க்க அவர் அரும்பாடுபட்டார். 1952இல் அது பேராதனைக்குக் குடிபெயர்ந்தது. விரிவுரை கேட்பது மாத்திரம் கல்வியன்று. ஒருங்கே உண்பதும் உலாவுவதும் வாதிடுவதும் கல்வியே என்பது அதன் அடிப்படை. ஆங்கில நாட்டுக் கனவான்களின் கல்லூரிகளைப் பார்த்து எழுந்த கொள்கை அது என்று குறைகூறுவோருளர். கூறட்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு விடுதி ஓர் அனுபவம். லயத்திலிருந்து வந்த பிள்ளைக்கோ அதுவே கல்வியின் பாதி.

நோய் வந்தபோது அந்தப் பாதிதான் முதலிற் பறிபோயிற்று.

நியூட்டனின் வீடும் நமது காம்பராவும்

கொள்ளைநோய்க் காலத்திற் கல்வி என்றவுடன் உலகெங்கும் ஒரு கதை சொல்லப்பட்டது. 1665இல் இங்கிலாந்திற் கொள்ளைநோய் பரவியபோது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. அப்பொழுதுதான் பட்டம் பெற்றிருந்த ஐசாக் நியூட்டன் தம் ஊரான வூல்ஸ்தோர்ப்புக்குத் திரும்பினார். 1667இல் அவர் மீண்டும் கேம்பிரிட்ஜ் செல்லுமுன், கணிதத்திலும் ஒளியியலிலும் ஈர்ப்புவிசை பற்றிய சிந்தனையிலும் பெரும் வித்துக்களை ஊன்றிவிட்டார். ஆகவே மாணவர்களே, கிடைத்த ஓய்வை நன்கு பயன்படுத்துங்கள் என்று அறிவுரை கூறப்பட்டது.

கதை மெய்தான். ஆனால், நியூட்டன் திரும்பிச் சென்ற வீடு எது? நிலபுலமுள்ள குடும்பத்தின் கல்வீடு. அங்கே அவருக்கு அறை இருந்தது, அமைதி இருந்தது. சாளரத்தின் வழியே வந்த கதிரொளியைப் பளிங்குப் பட்டகத்திற் செலுத்திப் பார்க்கத்தக்க தனிமையும் இருந்தது. நாள் முழுவதும் சிந்தித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து, அன்றைய அரிசிக்கு என்ன வழி என்று எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். மேதைமை நியூட்டனுடையது, அதிலே ஐயமில்லை. அந்த மேதைமைக்கு இடங்கொடுத்தது ஒரு வீடு என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால், அறிவுரை முழுமை பெற்றிருக்கும்.

பூனாகலையின் காம்பராவிலே தம்பி ஒருவன் பாடசாலையின் பாடத்துக்காக அதே கைத்தொலைபேசியைக் கேட்டு நிற்கிறான். பாட்டி இருமுகிறாள். அடுத்த காம்பராவின் தொலைக்காட்சி சுவரைத் தாண்டிக் கேட்கிறது. லயத்துச் சுவர் பார்வையை மறைக்குமேயன்றிச் சத்தத்தை மறைக்காது. அங்கே இருந்துகொண்டு ஒரு பெண் மெய்யியலோ பொருளியலோ படிக்கவேண்டும். முடியாது என்று நாம் சொல்லவில்லை. முடித்துக் காட்டியவர்கள் இருக்கின்றார்கள். அவர்கள் கொடுத்த விலை நியூட்டன் கொடாத விலை என்றே சொல்கிறோம்.

தேயிலை முந்திக்கொண்டது

ஊரடங்கு நாட்களில் நாடு அசைவற்றுக் கிடந்தது. தோட்டம் மட்டும் உறங்கவில்லை. அந்நியச் செலாவணி தேடித்தரும் தேயிலைக்கு விலக்கு அளிக்கப்பட்டது. காலையிற் பெரட்டுக்குப் பெண்கள் வழமைபோலச் சென்றனர். முகத்திலே துணிக்கவசம் ஒன்று கூடுதலாயிற்று. அப்போது அடிப்படை நாட்கூலி 700 ரூபாய். ஆயிரம் ரூபாய்க் கோரிக்கை நெடுநாட் போராட்டத்தின்பின் 2021 மார்ச்சிலேதான் சம்பளச் சபையின் வழியே நடைமுறைக்கு வந்தது.

இன்னுமொரு செய்தியையும் இங்கே நினைவுகூர்தல் தகும். 1883 முதல் ஏலக்காரர்கள் கூடிக் குரல் எழுப்பி நடத்திவந்த கொழும்புத் தேயிலை ஏலம், 2020 ஏப்ரல் 4ஆம் திகதி முதன்முறையாக இணையத்தின் வழியே நடைபெற்றது. ஊரடங்கு தொடங்கி ஏறத்தாழ இரண்டு வாரத்திலே அத்துணை பெரிய ஒழுங்கு செய்து முடிக்கப்பட்டது. பாராட்டத்தக்க காரியம். வேண்டும் என்று நினைத்தால் நம் நாட்டில் எவ்வளவு விரைவாகக் காரியம் நடக்கும் என்பதற்கு அது சான்று. மலையிற் பறித்த கொழுந்து இணையமேறி உலகச் சந்தையை அடைந்துவிட்டது. அதைப் பறித்தவளின் மகள் இணையமேறுவதற்குத்தான் வழி பிறக்கவில்லை.

ஒன்றும் செய்யப்படவில்லை என்று கூறுவது நீதியாகாது. பல்கலைக்கழகங்கள் சில வாரங்களிலேயே இணையவழி விரிவுரைகளைத் தொடங்கின. பல்கலைக்கழகத் தளங்களுக்குக் கட்டணமின்றிச் செல்லவும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இணங்கின. அண்டை நாடுகளோடு ஒப்பிடுகையில் அது முற்போக்கான ஏற்பாடே. ஆனால் கட்டணமில்லாத பாதை இருந்தென்ன? பாதையை அடைவதற்கு ஒரு கருவி வேண்டும். கருவிக்கு அலை வேண்டும். தாயின் சில வாரக் கூலி ஒரு கைத்தொலைபேசியின் விலைக்குப் போதாது. மலையின் மடிப்புக்குள் ஒளிந்துகிடக்கும் லயத்துக்கு அலை வந்துசேர்வதில்லை.

ஊவாவின் இந்தக் குறையை 2021 ஜூலையில் உலகமே அறிய நேர்ந்தது. பதுளை மாவட்டத்தின் மீகஹகிவுலப் பகுதியிலுள்ள போஹிட்டியாவ என்னும் சிற்றூரில், ஆசிரியை ஒருவரும் மாணவர்களும் காட்டுவழியே மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து, ஒரு பாறையின் உச்சிக்கு ஏறிப் பாடம் பெற்ற செய்தி அயல்நாட்டுப் பத்திரிகைகளிலும் படங்களுடன் வெளியாயிற்று. லுணுகலைப் பக்கத்திலே பிள்ளைகள் மரத்தின்மேல் அமைத்த பரணிலிருந்து படித்தார்கள். சிங்களப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை என்ற வேற்றுமையை அலை அறியாது. மலையின் மறுபுறத்தே பிறந்த எந்தப் பிள்ளைக்கும் அதே நிலைதான். அக்காலத்தில் நாட்டின் மாணவரிற் சுமார் நாற்பது விழுக்காட்டினரே இணையவழிக் கல்வியிற் பங்குபெற முடிந்தது என ஆசிரியர் சங்கத் தலைவர் ஒருவர் கூறினார்.

பாடசாலைப் பிள்ளைகளின் துயர் கண்ணுக்குத் தெரிந்தது. பாறைமேல் அமர்ந்த சிறுவனைப் படம் பிடிக்கலாம். பல்கலைக்கழகத்துப் பெண்ணோ படத்துக்கு அகப்படவில்லை. அவள் வளர்ந்தவள், சமாளித்துக்கொள்வாள் என்று எல்லோரும் எண்ணினர். அவளும் அப்படியே எண்ணிக்கொண்டாள்.

கறுப்புச் சதுரத்தின் பின்னால்

இணையவழி வகுப்பு நடத்திய ஆசிரியர்களைக் கேட்டால் ஒரே விதமாகச் சொல்வார்கள்: திரையிலே கறுப்புச் சதுரங்கள், சதுரத்தின் நடுவே பெயர், கேள்வி கேட்டால் மறுமொழி இல்லை. மாணவர்களுக்கு அக்கறையில்லை என்ற முடிவுக்கு வந்தவர்களும் உண்டு.

அந்தக் கறுப்புச் சதுரத்தின் பின்னால் இருந்தது என்ன? விடுதியிலே அவளும் மற்றவர்களும் ஒரே சோற்றை உண்டார்கள். ஒரே விதமான கட்டிலில் உறங்கினார்கள். அவளுடைய வீடு எப்படிப்பட்டது என்பது அவள் சொன்னாலன்றிப் பிறருக்குத் தெரியாது. புகைப்படக் கண்ணைத் திறந்தால் அந்தக் காப்பு ஒரே நொடியிற் குலைந்துவிடும். பின்னாலுள்ள தகரம் தெரியும். கொடியில் உலரும் துணி தெரியும். ஒலிவாங்கியைத் திறந்தால் சேவல் கூவுவதும் அயல் வீட்டுச் சண்டையும் எண்பது பேர் காதிலும் விழும். ஆகவே இரண்டையும் மூடிவைத்தாள். மூடிவைத்தது சோம்பலினால் அன்று; மானத்தினால்.

மற்றொரு பாரமும் இருந்தது. தாய் காலையில் மலையேறுகிறாள். கொழுந்துக் கூடையோடு நனைந்து திரும்புகிறாள். இளமையும் வலுவுமுள்ள மகளோ சுவரிற் சாய்ந்து கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். படிப்பு என்பது புத்தகத்தோடும் பாடசாலைச் சீருடையோடும் நடப்பது என்றே லயம் அறியும். ‘நாள் முச்சூடும் போனையே நோண்டிக்கிட்டு இருக்கு’ என்று அயலார் சொன்ன சொல் அவள் காதிலும் விழுந்தது. சில நாள் அவளும் பேர்போடத் தாயோடு மலைக்குப் போனாள். கூலி தேவைப்பட்டது, அதைக் காட்டிலும், வெறுமனே இருக்கவில்லை என்று தனக்குத்தானே நிறுவிக்கொள்வதும் தேவைப்பட்டது. அன்றைய விரிவுரைகள் போயின.

இரவுகள் வேறு கணக்குச் சொல்லின. நான்கு ஆண்டிற் பட்டம் என்ற கணக்கிலே வீடு நின்றது. மூத்தவள் பட்டம் பெற்று ஆசிரியையாவாள். அதன்பின் தம்பியின் படிப்பு. அதன்பின் காம்பராவுக்கு ஒரு புதுக் கூரை. நாட்கள் தள்ளிப்போகப் போக அந்தக் கணக்கு முழுவதும் தள்ளிப்போயிற்று. திருமணப் பேச்சு எழுந்த வீடுகளும் உண்டு. ஆடைத் தொழிற்சாலை வேலைக்கு அழைப்பு வந்த வீடுகளும் உண்டு. அப்போது மாதந்தோறும் சுமார் 5000 ரூபாயாக இருந்த மகாபொல உதவிப்பணம் மாணவியின் செலவுக்கென்று தரப்பட்டது. ஊரடங்கு நாட்களில் அது பல வீடுகளின் அரிசியாயிற்று.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், உறக்கமின்மையும் மனம் ஒன்றாமையும் காரணமில்லாக் கண்ணீரும் எங்கிருந்து வந்தன என்பது விளங்கும். பெருந்தொற்றின் முதலாண்டில் உலகெங்கும் மனப்பதற்றமும் மனச்சோர்வும் 25 விழுக்காடு கூடின என்றும், இளைஞரும் பெண்களுமே மிகுதியாகத் தாக்குண்டனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் அறிவித்தது. நமது மாணவி அந்த இரண்டு வகையிலும் அடங்குபவள். ஆனால் அவள் தன் நிலையை நோய் என்று எண்ணவில்லை. தன் திறமைக் குறைவு என்று எண்ணினாள். பல்கலைக்கழகத்துக்குத் தான் தகுதியற்றவள் என்ற பழைய அச்சம், தோட்டத்துப் பிள்ளைகள் பலரின் அடிமனத்தில் உறங்குவது, அந்நாட்களில் விழித்துக்கொண்டது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் உதவித் தொலைபேசி எண் எக்காலமும் இருந்தது. அழைத்துப் பேசுவதற்குத் தனியிடம் வேண்டுமே! லயத்திலே அழுவதற்கும் தனியிடம் இல்லை.

பழைய கதையின் புதிய அதிகாரம்

கொள்ளைநோயும் தனிமைப்படுத்தலும் இந்த மக்களுக்குப் புதியனவல்ல. கடல் கடந்து வந்த முன்னோர் இலங்கை மண்ணை மிதிக்குமுன்பே மண்டபம் முகாமில் நாட்கணக்காகத் தடுத்துவைக்கப்பட்டனர், மருந்துநீரிற் குளிப்பாட்டப்பட்டனர். அதற்கும் முன்னர் மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து வந்தோரை வாந்திபேதி வழிநெடுகப் பலிகொண்டது. 1918-19ஆம் ஆண்டுகளின் இன்புளுவென்சா லயங்களையும் விட்டுவைக்கவில்லை. நெருக்கமாக வாழ்வோரிடம் நோய் விரைந்து செல்லும் என்பதைத் தோட்டங்கள் நூறாண்டுக்கு முன்பே அறிந்திருந்தன.

கல்வியிலும் இத்தகைய தாமதம் புதியதன்று. கன்னங்கராவின் பெயரோடு இணைந்த இலவசக் கல்வி 1945இல் நாட்டிலே தொடங்கியது. தோட்டப் பாடசாலைகளோ நிர்வாகங்களின் கையிலேயே கிடந்தன. 1970களிலேதான் அவற்றை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. ஏறத்தாழ ஒரு தலைமுறை காத்துக்கிடந்தது. பாடசாலை வந்தது தாமதித்து. பல்கலைக்கழக வாசல் திறந்தது அதனினும் தாமதித்து. 2020இல் இணையமும் அதே வரிசையிற் கடைசியாக நின்றது. நோய் புதியதோர் அநீதியை உண்டாக்கவில்லை. இருந்ததை வெளிச்சத்திலே வைத்தது.

இருளிலும் சில விளக்குகள்

இவ்வளவும் கூறியபின், மறுபக்கத்தைக் கூறாமல் விடுவது முறையன்று. லயத்துக்குத் திரும்பிய மாணவர்கள் பலர் சும்மா இருக்கவில்லை. பாடசாலை மூடிக் கிடந்த நாட்களில் இஸ்தோப்பிலே பாய் விரித்து, அக்கம்பக்கத்துச் சிறுவர்களுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தவர்கள் உண்டு. பல்கலைக்கழகம் சென்ற அக்காவும் அண்ணனும் வருடத்துக்கு இருமுறை வந்துபோகும் விருந்தினராய் இருந்த நிலை மாறி, நாள்தோறும் கண்ணெதிரே இருந்தார்கள். பல்கலைக்கழகம் என்னும் சொல்லுக்கு அச்சிறுவர்கள் மனத்தில் ஒரு முகம் கிடைத்தது.

மற்றொன்று நம் உள்ளத்தைத் தொடுவது. மாலையில் வேலை முடிந்து வந்த தாய், கால்களிலுள்ள அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, மகளின் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்க்கிறாள். ‘யாரும்மா இவுங்க? நல்லாப் பேசுறாங்களே!’ என்கிறாள். ‘எங்க விரிவுரையாளர்ம்மா’ என்று மகள் மெல்லச் சொல்கிறாள். தாய் அங்கேயே அமர்ந்து, விளங்கியும் விளங்காமலும் அரைமணிநேரம் கேட்கிறாள். மகள் அத்தனை ஆண்டு எங்கே போய்ப் படித்தாள், என்ன படித்தாள் என்பது அவளுக்கு அதுவரை தெரிந்திருக்கவில்லை. அந்த அரைமணிநேரத்துக்கு எந்தப் பரீட்சையிலும் புள்ளி கிடையாது.

ஆசிரியரிலும் நல்லவர்கள் இருந்தார்கள். விரிவுரையை ஒலிப்பதிவாக்கிச் சிறிய கோப்பாக அனுப்பியவர்கள், வகுப்புக்கு வாராத மாணவரைத் தேடித் தொலைபேசியில் அழைத்தவர்கள், ஒப்படைக்குக் காலத்தை நீட்டித்தவர்கள். ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்பதற்கும் ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்பதற்கும் உள்ள வேற்றுமையை அவர்கள் அறிந்திருந்தார்கள். பல மாணவர்கள் படிப்பைக் கைவிடாமைக்கு அந்த ஒரு கேள்வியே காரணம் என்று கூறின் மிகையாகாது.

மூடிய கதவு மறுபடியும் மூடினால்

2021 ஆகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை நாடு மறுபடியும் முடங்கியது. அதன்பின்னர் தடுப்பூசி பெற்ற மாணவர்கள் படிப்படியாக விடுதிகளுக்குத் திரும்பினர். 2019 ஆகஸ்டில் உயர்தரப் பரீட்சை எழுதிய தொகுதியினருட் பலர் தங்கள் முதல் விரிவுரையைக் கைத்தொலைபேசியிலேயே கேட்டார்கள். பல்கலைக்கழகத்தின் வாசலைப் பின்னர்தான் கண்டார்கள். மூச்சுவிடுமுன் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு. எரிபொருள் இல்லாமையால் வகுப்புகள் மீண்டும் இணையத்துக்குத் தள்ளப்பட்டன. மின்சாரமும் இல்லாத வேளையில் இணையம்!

2023 மார்ச்சிலே பூனாகலைத் தோட்டத்தின் கபரகலைப் பிரிவில் மண்சரிவு ஏற்பட்டு லயங்கள் சேதமடைந்தன; குடும்பங்கள் தற்காலிக இடங்களிலே தங்க நேர்ந்தது. அயலிலுள்ள கொஸ்லந்தை மீரியபெத்தையிலே 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி நிகழ்ந்த பெருந்துயரை மறந்தவர் எவருமில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியபோது பதுளை மாவட்டம் மறுபடியும் மண்சரிவுகளால் நொறுங்கியது. நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சையும் நாடெங்கும் இடைநிறுத்தப்பட்டது. நோயோ, நெருக்கடியோ, மலையோ, புயலோ, கதவு மறுபடியும் மூடப்படும் நாள் வரும் என்பது இந்த மாவட்டத்துக்கு ஊகமன்று, அனுபவம். அப்பொழுதும் ‘வீட்டிலிருந்து படியுங்கள்’ என்ற ஒரே வரியை அனுப்பிவிட்டு நாம் இருந்துவிடப் போகிறோமா?

செய்யத்தக்கவை பெரியனவல்ல. மாணவர் ஒருவர் பல்கலைக்கழகத்திற் சேரும்பொழுது பெற்றோரின் வருமானம் கேட்கப்படுகிறது. வீட்டிலே படிக்க இடமுண்டா, விளக்குண்டா, அலை எட்டுமா என்பதையும் கேட்டுவைக்கலாம். எல்லா மாணவரையும் ஒரே நாளில் வெளியேற்றாமல், வீட்டிலே கற்க வழியற்றவர்களுக்கு ஒரு விடுதியையேனும் திறந்துவைக்கலாம். 2020இல் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் பல பல்கலைக்கழகங்கள் வீடு திரும்ப இயலாத மாணவருக்கு அவ்வாறு இடமளித்தன. உதவிப்பணத்தைக் குறித்த மாதக் கணக்கில் நிறுத்தாமல், பட்டம் உண்மையில் முடியும்வரை நீடிக்கலாம். மனநல ஆலோசகர் ஒருவர், தமிழிற் பேசக்கூடியவர், ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் இருத்தல் அவசியம். தாய்மொழியிலன்றித் துயரத்தைச் சொல்ல முடியாது.

எல்லாவற்றினும் எளியது ஒன்றுண்டு. தோட்டந்தோறும் ஒரு வாசிப்பறை. நான்கு மேசை, நான்கு விளக்கு, மின்வெட்டுக்கு ஒரு மின்கலம், இணைய இணைப்பு ஒன்று. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் இடம் கண்ட தோட்டத்திலே படிக்கும் பிள்ளைக்கு ஓர் அறைக்கு இடமில்லை என்று எவரும் சொல்ல முடியாது. இரண்டு வாரத்தில் ஏலத்தை இணையமேற்றிய நாட்டுக்கு இது இயலாத காரியமா?

ஆசிரியர்களும் மாணவர்களும் இதைப் படிக்கின்றீர்கள். உங்கள் வகுப்பிலே, பின்வரிசையிலே, அதிகம் பேசாத ஒருத்தி இருக்கக்கூடும். பெருந்தொற்று ஆண்டுகளிற் பாடசாலையில் இருந்தவள். பாறையிலோ மரத்திலோ ஏறிப் படித்தவளாகவும் இருக்கலாம். அவள் தன் வீட்டைப் பற்றித் தானாகச் சொல்லமாட்டாள். நீங்கள் கேளுங்கள். அடுத்த விடுமுறையில் அவள் பூனாகலைச் சந்தியிலே இறங்கிக் குறுக்குப் பாதையில் நடக்கும்போது, போய்ச் சேரும் காம்பராவில் ஒரு மேசை உண்டா என்பதை நாம் ஒருவரேனும் அறிந்திருத்தல் வேண்டும்.